குற்றம் எவ்விடத்தது?

பழுதுபட்ட ஒன்றைக் கண்டவுடன், பழுது இன்ன இடத்தில்தான் என்று சொல்லிவிடத் துடிக்கும் நாவு மனிதனுக்கு வாய்த்திருக்கிறது. அப்படிச் சொல்லும் உரிமை அவனுக்கு எப்போது பிறக்கிறது? எவ்வளவு ஆய்ந்த பின்னர் பிறக்கிறது? இவ்வினாவையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். உஸூலுல் ஃபிக்ஹு எனப்படும் சட்டமூலக் கலையில் நம் முன்னோர் இதனை மிக நுணுக்கமாக ஆராய்ந்திருக்கின்றனர். ஆயினும் அக்கலையின் கிதாபுகளை மட்டும் விரித்து வைத்துப் பேசினால், நம் இல்லங்களின் இளைஞர்கள் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். ஆகவே ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கியர்க் கோளாற்றைத் துணைக்கு அழைக்கிறோம். மத்ரஸாத் திண்ணைக்கும் மோட்டார்ப் பட்டறைக்கும் என்ன உறவென்று வியப்போர் சற்றே பொறுப்பார்களாக.

ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரத்து நிறுவனமான போர்ஷே, 1963ஆம் ஆண்டில் காட்சிக்கு வைத்த கார் பின்னர் 911 எனும் எண்ணால் உலகறிந்ததாயிற்று. பெரும்பாலான கார்களில் எஞ்சின் முன்புறம் இருக்கும். இதில் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கிறது. எஞ்சினை ஒட்டி அதற்கு முன்னால் கியர்பாக்ஸ். 1972 முதல் 1986 வரை வெளிவந்த 911 கார்களுள் பெரும்பாலானவற்றில் 915 என்று எண்ணிடப்பட்ட கியர்பாக்ஸே பொருத்தப்பட்டது. நாம் சொல்லப்போவது அதைப் பற்றி.

ஓட்டுநரின் கை முன்னிருக்கைகளுக்கு நடுவே உள்ள கியர்த் தடியின் மேல் இருக்கிறது. கட்டளையை ஏற்க வேண்டிய பல்சக்கரங்களோ பின்னிருக்கைக்கும் அப்பால் இருக்கின்றன. இடையில், காரின் நடுவயிற்றில் ஓடும் சுரங்கத்தினுள் ஒரு நீண்ட தண்டு. அதன் பின்முனையில் கப்ளர் எனும் இணைப்பு. அதனுள் சிறு பிளாஸ்டிக் புஷ்கள். கியர்த் தடியின் அடிக்குமிழைத் தாங்கும் கிண்ணமும் பிளாஸ்டிக்கே. நாற்பது ஆண்டு வெப்பத்தில் இவை உலர்ந்து, விண்டு, துகளாகிவிடுகின்றன. அப்போது இரண்டாம் கியரைத் தேடும் கை, இருட்டறையில் தாழ்ப்பாளைத் துழாவும் கைபோல் ஆகிறது. ஒரு முறை கியர் விழும், மறுமுறை மறுக்கும், சில வேளை வேண்டாத கியரில் போய் நிற்கும். உடனே உரிமையாளர் முடிவு கட்டிவிடுகிறார்: "கியர்பாக்ஸ் போய்விட்டது!"

போனது கியர்பாக்ஸ் அன்று. கையின் எண்ணத்தை அதனிடம் கொண்டு சேர்க்கும் தூதன் தளர்ந்துவிட்டான், அவ்வளவே. ஆனால் தூதனை ஐயுறுவார் இலர். எது ஆழத்தில் இருக்கிறதோ, எது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறதோ, எது விலை மிகுந்ததோ அதன்மேல் பழியைச் சுமத்துவதில் மனிதனுக்கு ஏதோ ஒரு நிறைவு இருக்கிறது போலும். இந்தக் காரில் கியர்பாக்ஸைத் திறப்பதென்றால், வழக்கமாக எஞ்சினையும் சேர்த்தே கீழே இறக்குவார்கள். புஷ்ஷைப் பார்ப்பதற்கோ, பின்னிருக்கைகளின் நடுவே தரைவிரிப்பை விலக்கி ஒரு சிறு மூடியைக் கழற்றினால் போதும்.

அரபியில் 'இல்லத்' என்றொரு சொல் உண்டு. அதற்கு நோய் என்றும் பொருள். காரணம் என்றும் பொருள். மருத்துவர் தேடுவதும் இல்லத். ஒரு சட்டத்தின் அடிப்படை யாதென்று ஃபகீஹ் தேடுவதும் இல்லத். திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயையும் அதன் மூலத்தையும் பிரித்துவைத்துப் பேசினார். அரபிகளோ இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினர். இந்த இல்லத்தைக் கண்டறிய உஸூல் அறிஞர்கள் வகுத்த வழிகளுள் ஒன்றுக்கு 'அஸ்ஸப்ரு வத்தக்ஸீம்' என்று பெயர். இங்கே ஒரு விளக்கம் வேண்டும். பொறுமையைக் குறிக்கும் ஸப்ரு வேறு. அது ஸாத் எழுத்தில் தொடங்கும். இந்த ஸப்ரு ஸீன் எழுத்தில் தொடங்குவது. புண்ணின் ஆழத்தைக் கருவியிட்டு அளந்து பார்ப்பது என்பது அதன் மூலப்பொருள். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. புண்ணை அளப்பவனுக்குப் பொறுமையும் வேண்டும் ஆதலின், அந்தக் குழப்பத்தால் பெரிய நட்டமில்லை.

இம்முறையின்படி, காரணமாக இருக்கக்கூடியவை அனைத்தையும் முதலில் வகுத்து நிறுத்த வேண்டும், பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துத் தகாதவற்றை நீக்க வேண்டும், எஞ்சுவதே காரணம். மது விலக்கப்பட்டதற்குக் காரணம் யாது? அது நீர்மமாக இருப்பதா, அதன் நிறமா, திராட்சையில் பிறந்ததா, மயக்கம் தருவதா? நீர்மம் என்றால் நீரும் நீர்மமே. திராட்சை என்றால் காடியும் திராட்சையில் பிறப்பதே; அது ஆகுமானது. இவ்வாறு கழித்துக்கொண்டே வந்தால் மயக்கம் ஒன்றே நிற்கிறது. இதற்குத் துணையாக 'தவரான்' என்றொரு வழியும் உண்டு: காரணம் வரும்போது விளைவும் வர வேண்டும், அது போகும்போது இதுவும் போக வேண்டும். திராட்சைச் சாறு இனிப்பாய் இருந்தவரை ஆகுமாயிருந்தது. மயக்கம் ஏறியதும் விலக்கப்பட்டது. காடியாக மாறியதும் மீண்டும் ஆகுமாயிற்று.

நல்ல மெக்கானிக் இதைத்தான் செய்கிறார், பெயர் அறியாமலே. வளைகுடா நாடொன்றில் பழைய கார்களைச் செப்பனிடும் பட்டறையில் பணிபுரியும் நம் மாணவர் ஒருவர் இம்முறைகளை நமக்கு எழுதி விளக்கியிருந்தார். முதற்கண், எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்க வேண்டும். (சில வேளை பல்லும் பல்லும் நேர்பட்டு நின்று மறுக்கும், காரைச் சற்றே அசைத்தால் இடம் கிடைக்கும்.) எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாக் கியர்களும் இனிதே விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் மறுத்தால், கிளட்ச் முழுதும் விடுபடவில்லை என்று ஐயுறலாம். நின்றபோதும் எல்லாக் கியர்களுமே தடுமாறினால், தண்டையும் புஷ்ஷையும் நாட வேண்டும். மற்றவை செம்மையாக இருந்து, ஓடும்போது இரண்டாம் கியர் மட்டும் நெறுநெறுக்குமானால், அப்போதுதான் உள்ளே இருக்கும் சிங்க்ரோ வளையத்தின்மேல் ஐயம் திரும்பலாம். அதற்கும் ஒரு சோதனை உண்டு. நியூட்ரலில் கிளட்சை ஒருமுறை விட்டு, மீண்டும் மிதித்து, வேகத்தை ஓட்டுநரே இசைவித்துக் கியரைப் போட்டால் நெறுநெறுப்பு மறைகிறதா? மறைந்தால், வளையம் செய்ய வேண்டிய பணியை ஓட்டுநர் செய்துவிட்டார். பணியில் தவறியது வளையம் என்பது வெளிப்பட்டது.

அந்த வளையத்தின் பணி இன்னதென்பதையும் சொல்லிவிடுவோம். வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு உறுப்புகளைப் பூட்டுமுன், உராய்வினால் அவற்றை ஒரே வேகத்திற்குக் கொண்டுவருவது அது. 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் இத்தகைய ஏற்பாட்டைத் தன் கார்களில் கொண்டுவந்தது. அதற்குமுன் கியர் மாற்றுவது ஓட்டுநரின் செவிக்கும் காலுக்கும் ஒரு தேர்வாகவே இருந்தது. சண்டையிடும் இருவருக்கிடையே புகுந்து சமாதானம் செய்யும் பெரியவரைப் போன்றது சிங்க்ரோ வளையம். அதனால் ஒரு தீங்கும் உண்டு. கிளட்சின் குறையைக்கூடச் சில காலம் அது பூசி மெழுகிவிடும்.

915இன் பின்னோக்கும் கியருக்கு, அதாவது ரிவர்ஸுக்கு, இந்தச் சமாதானப் பெரியவர் இல்லை. ஆதலின் அது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். கார் நிற்கும்போது, எஞ்சின் மெல்ல ஓட, கிளட்சை முழுதும் மிதித்துச் சில விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டுப் பார்க்க வேண்டும். ஓசையின்றி விழுந்தால் கிளட்ச் விடுபடுகிறது. அரைத்துக்கொண்டு விழுந்தால் விடுபடவில்லை. 1111ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில், ஒருவன் தன் குறைகளை அறிந்துகொள்ளும் வழிகளாக நான்கைச் சொல்கிறார்கள்: வழிகாட்டும் ஷைகு, உண்மையான நண்பன், பகைவனின் நாவு, மக்களோடு பழகிப் பிறரிடம் காணும் குறையைத் தன்னிடம் தேடுவது. நண்பன் நம்மோடு இசைந்துபோக விரும்புகிறான். அவனிடம் சிங்க்ரோ வளையம் இருக்கிறது. பகைவனுக்கு அது இல்லை. அவன் நாவிலிருந்து வரும் அரைப்பொலியைச் செவிமடுப்போர் எத்தனை பேர்?

இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு என்பதை உஸூல் அறிஞர்களே எடுத்துக்காட்டினார்கள்; எல்லா மத்ஹபினரும் இதனை ஒரே அளவில் ஏற்றதும் இல்லை. எஞ்சுவதே காரணம் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் வகுத்த பட்டியல் முழுமையாக இருந்திருக்க வேண்டும். பட்டியலில் ஒன்று விடுபட்டுப்போனால், விடுபட்டதன் குற்றம் எஞ்சியதன் தலையில் விழும். புஷ் என்றொன்று இருப்பதையே அறியாதவர் கியர்பாக்ஸைக் குற்றவாளியாக்குவது இப்படித்தான். ரிவர்ஸ் அரைத்தது, ஆகவே கிளட்ச் கேபிள் தளர்ந்துவிட்டது என்று உடனே சொல்வதும் முழுமையன்று. கேபிள் செம்மையாக இருக்க, தண்டின் முனையைத் தாங்கும் சிறு பேரிங் இறுகிப்போயிருந்தாலும் அதே ஒலிதான் கேட்கும். பொய் சொல்பவனைவிட, பட்டியலைச் சுருக்கமாக வைத்திருப்பவனால் உலகில் மிகுதியான அநீதி விளைகிறது என்பது நம் கருத்து. பொய்யனுக்குத் தான் பொய்யன் என்பது தெரியும். இவனுக்குத் தன் பட்டியல் சுருங்கியது என்பது தெரியாது.

மக்தபில் ஒரு பிள்ளை ஓதலில் பின்தங்குகிறான். மந்தபுத்தி என்று வீட்டார் சொல்கின்றனர், ஆசிரியர்களும் சொல்லிவிடுகின்றனர். அவன் கண் எழுத்தின் புள்ளிகளைத் தெளிவாகக் காண்கிறதா? பே, தே, ஸே மூன்றுக்கும் வடிவம் ஒன்று, புள்ளிதான் வேறு. அவன் காது சரியாகக் கேட்கிறதா? காலையில் ஏதேனும் உண்டு வந்தானா? இவையெல்லாம் புஷ்கள். இவற்றைப் பாராமல் அறிவு எனும் பெட்டியின்மேல் தீர்ப்பெழுதிவிடுகிறோம், அதைத் திறந்து பார்த்தவர் எவருமின்றி. சந்தேகம் குறித்து சூரத்துல் ஹுஜுராத்தில் வந்துள்ள எச்சரிக்கையை அண்டை வீட்டாரோடு மட்டும் பொருத்திப் பார்ப்பது நம் வழக்கமாகிவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைக்கும் அது பொருந்தும்.

இதில் அஞ்சத்தக்க செய்தி ஒன்று உண்டு. கிளட்ச் விடுபடாத காரை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு முறையும் சிங்க்ரோ வளையம் எஞ்சினின் இழுப்போடு போராடித் தேயும். ஓரிரு ஆண்டில் வளையம் மெய்யாகவே கெட்டுவிடும். "அன்றே சொன்னேன், கியர்பாக்ஸ்தான்" என்று பழி சொன்னவர் அப்போது மார்தட்டுவார். மந்தம் என்று பத்து ஆண்டுகள் கேட்ட பிள்ளையும் அவ்வாறே மந்தமாகிவிடக்கூடும். சொன்னது பின்னர் மெய்யாகியதனால், சொன்ன நாளில் அது மெய்யாயிருந்தது என்றாகிவிடாது.

ஆயினும், ஒவ்வொரு தடுமாற்றமும் குற்றமாகாது. குளிர்ந்த காலையில் 915இன் ஆயில் கெட்டித்திருக்கும். முதல் சில கிலோமீட்டர் இரண்டாம் கியர் இறுக்கமாகவே இருக்கும். பழகிய ஓட்டுநர் அவசரப்படாமல், கையை மெல்ல வைத்துக் காத்திருப்பார். ஷாஃபியீ ஃபிக்ஹு நூல்கள் விற்பனைப் பொருளின் 'ஐபு' எனும் குறைக்கு இலக்கணம் கூறும்போது ஓர் அரிய நிபந்தனையைச் சேர்த்திருக்கின்றன: அவ்வினப் பொருள்களில் பெரும்பாலும் காணப்படாததாக அது இருக்க வேண்டும். இனம் முழுவதற்கும் பொதுவாக இருப்பது இயல்பேயன்றிக் குறையாகாது. கணவன் மனைவியர் ஒருவரையொருவர் குறைகூறும் வீடுகளில் இவ்விலக்கணத்தை எழுதி மாட்டிவைத்தாலும் தகும்.

இறுக்கம் இயல்பு, நெறுநெறுப்பு குறை. அந்த நெறுநெறுப்பை மறைக்க, வாங்குபவர் வருமுன் காரை நெடுந்தொலைவு ஓட்டிச் சூடேற்றி வைக்கும் விற்பனையாளரும் உளர். மடியில் பாலைத் தேக்கிவைத்து ஆட்டை விற்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே மறைந்திருந்த ஈரத்தை வெளிப்படுத்தினார்கள். எஞ்சின் முன்கூட்டியே சூடாயிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்கும் வாங்குபவர் அந்த ஸுன்னத்தின் சாயலில்தான் நிற்கிறார்.

நம் மாணவர் முடிவில் ஒரு வினாவும் எழுப்பியிருந்தார். வேறொரு பட்டறையில், கியர்பாக்ஸ்தான் குற்றம் என்று சொல்லி எஞ்சினையும் அதனையும் இறக்கித் திறந்திருக்கிறார்கள். உள்ளே குறை ஏதும் இல்லை. மீண்டும் பூட்டிய பிறகும் கியர் விழவில்லை. பிறகு இவர் புஷ்ஷை மாற்றிச் சரிசெய்தாராம். முன்னவருக்குக் கூலி உண்டா? ஜுஆலா எனும் முறையில், "கோளாற்றை நீக்கினால் இவ்வளவு தருவேன்" என்று உரிமையாளர் பேசியிருந்தால், நீக்காதவருக்கு ஒன்றும் இல்லை. இஜாரா எனும் முறையில், "திறந்து பார்" என்று வேலைக்கே கூலி பேசியிருந்தால், வேலை நடந்திருக்கிறது. கூலி உண்டு என்பதே பொதுவிதி. ஆனால் திறந்து பார்க்கச் சொன்னதே இவர் சொல்லை நம்பித்தானே? கற்காமல் மருத்துவம் பார்த்தவர் விளைந்த தீங்கிற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது ஹதீஸில் வந்த நெறி. எனவே புஷ்ஷைப் பார்க்கத் தெரிந்தும் பாராதிருந்தாரானால், அல்லது பார்க்கவே தெரியாமல் தீர்ப்பளித்தாரானால், அந்தக் கூலியை அவர் திருப்பித் தருவதே நேர்மை என்று நமக்குத் தோன்றுகிறது. இது ஃபத்வா அன்று, நம் எண்ணம். இரு தரப்பாரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை உரிமையாளரிடமே கேட்டு எழுதுமாறு மாணவருக்கு மறுமொழி அனுப்பியிருக்கிறோம்.