உள்ளக் கருகலும் மடியும்

மதுரைச் சமவெளியின் வெப்பத்தானும் நோயானும் மெலிந்த அமெரிக்கப் பாதிரிமார் 1845-ஆம் ஆண்டிற் பழனிமலைத் தொடரின்மேலுள்ள கொடைக்கானலில் இளைப்பாறுமனைகள் எடுத்தனர். குளிர்மலை உடலிளைப்பை ஆற்றுமென்பது உண்மையே. தொழிலால் உள்ளங் கருகினார்க்கும் அதுவே மருந்தாமோவெனின், அதுமட்டும் அமையாது. என்னை?

உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் அந்நிலைக்கு மூன்று குறி கூறிற்று: ஆற்றல் வற்றல், தொழிலின்மேல் உள்ளம் விலகி வெறுத்தல், செயற்றிறம் குன்றல். இது நோயன்றென்றும், தணிக்கப்படாது நீடித்த பணியிட நெருக்கடியின் விளைவென்றும் வரையறுத்தது. காரணம் பணியிடத்தே நிற்ப, மலைமேற் சில நாள் தங்கி மீள்வோன் அச்சோர்வையே மீண்டும் எய்துவன்.

இதனை மடியென்பாரும் உளர், அது பொருந்தாது. மடியுடையான் தொழிலைத் தொடங்கான்; இவனோ ஊக்கத்தோடு உழைத்தவன். அளவிறந்த சுமை, தன் வினையில் தனக்கு உரிமையின்மை, நன்றி பெறாமை, நடுவுநிலை பிறழ்தல் என்பன அவ்வூக்கத்தை உண்டன. நெய்யற்ற விளக்கில் திரியே கருகும். அதனை மலையுச்சியில் வைப்பினும் நெய் ஊறாது. திரியைப் பழித்தல் முறையன்று. நெய் வார்த்தல் ஏவுவோன் கடன்.

கோயிற் பணியாளரிடத்தும் இஃதொக்கும். திருத்தொண்டென்று பெயரிட்டு ஊதியமும் ஓய்வும் மறுப்போர் தொண்டையே கருக்குகின்றனர். தன்னிடத்து இக்குறிகளைக் காண்பவன் நாணாது காலத்தே உரைப்பானாக. கேட்போர் அதனைக் குற்றமெனக் கொள்ளாது சுமையைக் குறைப்பாராக.