அலரும் அலைவரிசையும்: சிற்றூர்க் குரலின் உரிமை குறித்து

தன் கதையைத் தானே சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்பதில் இன்று கருத்து வேறுபாடு மிகுதியில்லை. சொல்லப்பட்ட கதை ஒலிப்பதிவுக் கருவியில் அடங்கிய பின்னர் யாருக்கு உரியது என்பதே தீராத வினாவாக உள்ளது. நாட்டார் வழக்காற்றுக் களப்பணியில் தமிழாய்வாளர் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் இவ்வினாவைச் சமுதாய வானொலி இன்னும் கூர்மையாக எழுப்புகின்றது.

வானலைகள் பொதுமக்களின் சொத்து என உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆயினும் கல்வி நிறுவனங்களுக்கு 2002 இறுதியிலும், தொண்டு நிறுவனங்களுக்கு 2006இலுமே வானொலி நடத்தும் வாய்ப்புக் கிட்டியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா எஃப்.எம்.’ 2004 பிப்ரவரியில் தொடங்கப்பெற்றது. சட்டம் வழிவிடுவதற்கு முன்னரே வழி கண்ட ஊரும் உண்டு. கோலார் மாவட்டத்துப் பூதிகோட்டையில், ‘வாய்சஸ்’, ‘மைராடா’ ஆகிய தொண்டு நிறுவனங்கள் யுனெஸ்கோ துணையுடன் உருவாக்கிய ‘நம்ம த்வனி’, ஒலிபெருக்கி வழியாகவும், பின்னர்த் தொலைக்காட்சிக் கம்பிவடம் வழியாகவும் ஊரார் குரலை ஊராருக்கே கொண்டு சேர்த்தது. வானலையைப் பயன்படுத்தவே இல்லையாதலின் உரிமம் கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை. வடமொழிக் கவிதையியலில் ‘த்வனி’ என்பது சொல்லாமல் உணர்த்தப்படும் பொருளையும் குறிக்கும். பெயரிட்டோர் இதனை எண்ணினரோ என்னவோ, இக்கட்டுரைக்கு அப்பொருள் மிகவும் பொருந்துகின்றது.

ஊரார் வாய்மொழியின் ஆற்றலைத் தமிழ் அகமரபு நன்கு அறியும். அம்பல், அலர் என்னும் இரண்டையும் வேறுபடுத்தும் இறையனார் அகப்பொருளுரை, இன்னது பற்றியது என விளங்காத முகிழ்நிலையை அம்பல் என்றும், இன்னானுக்கும் இன்னாளுக்கும் இடையே நிகழ்ந்தது என விளங்கச் சொல்லுதலை அலர் என்றும் கொள்கின்றது. இவ்வேறுபாடு பேச்சின் உரப்பைப் பற்றியது அன்று. ஆள் அடையாளம் புலப்படுகிறதா என்பதே இங்கு அளவுகோல். அகத்திணைத் தலைமக்களை இயற்பெயரால் சுட்டலாகாது என்ற தொல்காப்பிய விதியையும் இதனோடு இணைத்து நோக்குதல் தகும். அது வெறும் இலக்கிய உத்தி எனக் கொள்வாரும் உளர். ஒருவருடைய உள்ளத்து வாழ்வைப் பொதுவில் வைப்பதற்கு முன்னோர் விதித்த அறநிபந்தனையாகவும் அதனைக் கொள்ள இடமுண்டு.

சமுதாய வானொலியில் இந்நிபந்தனை எங்ஙனம் நிறைவேறும்? இந்தியாவில் இவ்வகை நிலையம் ஒன்றின் ஆற்றல் பொதுவாக 100 வாட் அளவில் வரையறுக்கப்படுகின்றது. ஒலி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் செல்லும். அவ்வெல்லைக்குள் பெயரை மறைப்பதால் பயன் சிறிதே. குரலே பெயராகிவிடுகின்றது. தலைநகரிலிருந்து ஒலிபரப்பாகும் பேட்டியில் ‘ஒரு பெண்’ என்றால் அவர் யாரோ ஒருவர். சிற்றூர் வானொலியில் ‘ஒரு பெண்’ என்றால் இரண்டாம் வாக்கியத்திலேயே தெரு முழுவதும் ஆளை அறிந்துகொள்ளும். சமுதாய வானொலியின் சிறப்பு எனப் போற்றப்படும் அண்மையே அதன் இடர்ப்பாடும் ஆகின்றது.

இவ்விடர் நீலசந்திரா போன்ற பகுதியில் வேறொரு முகம் கொள்கின்றது. பெங்களூரின் ஆஸ்டின் டவுன், விவேக்நகர் ஆகியவற்றை அடுத்துள்ள இப்பகுதியில் தமிழ், உருது, கன்னடம் பேசுவோர் நெருங்கி வாழ்கின்றனர். இதன்மேல் 10 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால் அது மாநகரின் பெரும்பகுதியைத் தன்னுள் அடக்கிவிடும். அவ்வட்டத்துள் வாழ்வோர் அனைவரும் ஒரு சமுதாயமா? நிகழ்ச்சிகள் வட்டார மொழியிலும் வழக்கிலும் அமைதல் நன்று என 2006ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறின. நீலசந்திராவில் வட்டார வழக்கு என்பது கன்னடமும் உருதும் ஊடுருவிய தமிழே எனலாம். அவ்வழக்கில் ஒருவர் வாய் திறந்ததும் அவருடைய மொழியும், பல வேளைகளில் தெருவும் சமயமும் வெளிப்பட்டுவிடுகின்றன. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி இந்நகரில் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்ததை நினைவுகூர்வார்க்கு, உச்சரிப்பு ஒன்றே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது கற்பனை அச்சமாகத் தோன்றாது. இத்தகைய இடத்தில் ஒரு மூதாட்டியிடம் ‘உங்கள் கதையைச் சொல்லுங்கள்’ என ஒலிவாங்கியை நீட்டுவது எளிய செயலன்று.

எனின், பேசாதிருப்பதே நன்று என்பது பெறப்படுமோ? படாது. மௌனம் எப்போதும் வலியார்க்கே பயன்படும். இன்றைய தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் 2008ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘சங்கம் ரேடியோ’ தலித் பெண்களால் நடத்தப்படுவது. விதை, வேளாண்மை, உணவு பற்றிய தம் அறிவை அவர்கள் தம் குரலிலேயே அறிவித்தனர். அங்கே பெயரை நீக்குவது காப்பாகாது. தலைமுறைகளாகப் பெயர் மறுக்கப்பட்டோர்க்கு இழைக்கும் மற்றோர் இழிவாகும். புறத்திணையில் பெயர் சுட்டப்படுவதற்கும் இதுபோன்ற நியாயமே உண்டு. ஈகையும் வீரமும் உரியவர் பெயரோடு நின்றால்தான் புகழாகும்.

ஆகவே அகச்செய்தியைப் பெயரின்றியும் புறச்செய்தியைப் பெயருடனும் ஒலிபரப்பலாம் என முடித்துவிடத் தோன்றும். சிக்கல் அங்கேதான் தொடங்குகின்றது. குழாயில் நீர் வரவில்லை என்பது புறம். குடித்துவிட்டு வரும் கணவன் அடிக்கிறான் என்பது எத்திணை? அதனை அகம் என்று ஒதுக்கினால் அடிப்பவனுக்கே காவல் அமைகின்றது. புறம் என்று ஒலிபரப்பினால் மறுநாள் அந்த வீட்டில் வாழ வேண்டியவள் அப்பெண், நிலையத்தார் அல்லர். எனவே எது அகம், எது புறம் எனப் பகுக்கும் உரிமை நிலையத்திற்கோ ஆய்வாளனுக்கோ உரியதாகாது, சொல்பவருக்கே உரியது. அதுவும் ஒருமுறை பகுத்தபின் மாற்றவியலாத உரிமையாக இருத்தல் கூடாது. மாலையில் துணிந்து சொன்னதை மறுநாட் காலையில் திரும்பப் பெற விரும்புவோர் உண்டு. கையொப்பமிட்ட ஒப்புதல் தாள் அவ்விருப்பத்தைத் தடுக்கும் கருவியாகவே பெரும்பாலும் பயன்படுகின்றது. எழுத்தறியாதவரிடம் பெற்ற கைந்நாட்டைப் பற்றிக் கூறவே வேண்டியதில்லை.

ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதங்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு நெறிமுறைகளில் இடம்பெற்ற விதி. அரசு கேட்டால் காட்டுவதற்கான ஏற்பாடு அது. பேசியவருக்கு ஒரு படி தருவதோ, ஒலிபரப்புக்கு முன் அவரைக் கேட்கச் செய்வதோ அவ்விதியால் உறுதியாவதில்லை. முன்னதாகக் கேட்கச் செய்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பதிவுக் கருவியுடன் அதே வீட்டு வாசலுக்கு இரண்டாம் முறை நடக்க வேண்டும். அரைமணி நேரம் திண்ணையில் அமர வேண்டும். ‘இதை வெட்டிவிடு’ என அவர் சொல்லும் பகுதி நிகழ்ச்சியின் மிகச் சிறந்த பகுதியாகவே இருப்பினும் அதனை வெட்ட வேண்டும்.