கோடுகளுக்கு நடுவே

பார்க்காத ஒன்றைப் படமாக வரைய ஒருவனுக்கு எவ்வளவு உரிமை உண்டு? இந்தக் கேள்வியை அண்டார்க்டிகாவின் தரையை வைத்துக் கேட்கிறேன். அத்தரைமேல் சராசரியாக 2 கிலோமீட்டர் பனிக்கட்டி. சில இடங்களில் நாலரைக்கும் மேல்.

ரேடார் உயரமானிகள் பனிப்பரப்பின்மீது தப்பான உயரம் காட்டுவதிலிருந்து தொடங்கிய விஷயம் இது. அலைகள் பனியை ஊடுருவி, அடியிலிருந்த பாறையில் பட்டுத் திரும்பின. கருவியின் பிழையே பிறகு முறையாயிற்று. 1960களில் கேம்பிரிட்ஜின் ஸ்காட் துருவ ஆய்வு நிலையத்தில் ஸ்டான்லி எவன்ஸ் இதற்கென்றே கருவி செய்தார். 1967 முதல் 1979 வரை அமெரிக்க விமானங்களில் ஏற்றிப் பறந்தார்கள். பனிக்குள் அலை மைக்ரோ செகண்டுக்குச் சுமார் 168 மீட்டர் போகும். எதிரொலி திரும்பிய நேரத்திலிருந்து ஆழம்.

ஆனால் விமானம் கோட்டில்தான் பறக்கும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே எதிரொலியே இல்லாத பல கிலோமீட்டர்கள். 2001இலும் 2013இலும் வந்த 'பெட்மாப்' படங்களில் அந்த இடங்களும் வர்ணம் பெற்றிருக்கின்றன. வழவழப்பாக இழைத்து நிரப்புவது வெறும் உத்தி அல்ல. தெரியாத இடமும் பக்கத்திலுள்ள தெரிந்த இடம் மாதிரியேதான் என்று, சொல்லாமல் சொல்வது.

2019இல் மார்லிகெம் குழு வேறு வழி கண்டது. விழும் பனி எவ்வளவு, மேற்பரப்பு நகரும் வேகம் என்ன என்பது தெரியும். உள்ளே வந்தது வெளியே போயாக வேண்டும். ஆகவே தடிப்பு இவ்வளவு. பேரேடு எழுதிப் பிழைப்பவனுக்குப் பழகிய தர்க்கம். டென்மன் பனியாற்றின் குறுகிய பள்ளத்தில் பக்கச் சுவர்களின் எதிரொலி ரேடாரைக் குழப்பியிருந்தது. கணக்கு அதன் அடியைக் கடல்மட்டத்துக்கு 3,500 மீட்டர் கீழே வைத்தது.

இதுவும் யாரும் பார்த்ததல்ல. இருந்தும் இதை நேர்மையானது என்பேன்: தன் அனுமானத்தை வெளியே சொல்கிறது, நாளை பொய்யாக்கப்படத் தன்னைத் திறந்து வைக்கிறது. இழைப்பு அப்படித் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை.

வெள்ளையாக விட்டுவிடலாமே என்று கேட்கலாம். மௌனத்தைப் பெரிய யோக்கியதையாகக் கொண்டாடுவது நம் சிறுபத்திரிகைகளின் பழக்கம். டென்மன் படுகையின் பனி முழுதும் கரைந்தால் உலகக் கடல்மட்டம் சுமார் ஒன்றரை மீட்டர் உயரும். அதைக் கணிப்பவனுக்கு அங்கே ஏதாவது ஓர் எண் வேண்டும். விட்ட இடத்தில் அவன் இன்னும் மோசமானதைப் போட்டுக்கொள்வான். சுத்தமாயிருப்பது விட்டவன் கை மட்டுமே. தாழ்ந்த கரைகளில் குடியிருப்பவனுக்கு அதனால் ஒன்றுமில்லை. அவனைப் பொறுத்தவரை ஆழத்தைக் கூட்டிச் சொன்ன பிழையும் குறைத்துச் சொன்ன பிழையும் சமமல்ல.

2013ஆம் ஆண்டுப் படத்தோடு பிழையளவுப் படம் ஒன்றும் உண்டு. விமானம் போன பாதைகளை ஒட்டிப் பிழை குறைவு; தள்ளிப்போகப் போக ஏறி, சில இடங்களில் 1,000 மீட்டரைத் தொடுகிறது. முதலில் பார்க்க வேண்டியது அந்தப் படத்தை.