நேர்ந்துவிடும் உரிமை யாருக்கு?

1927இல் சென்னை மாகாண சட்டசபைக்குள் நுழைந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான் அங்கே ஒரே பெண் உறுப்பினர். துணைத் தலைவர் பதவிக்கு ஒருமனதாகத் தேர்வானார். 1930இல் காந்தி கைதானதும் உறுப்பினர் பதவியையே துறந்தார். இடைப்பட்ட சில ஆண்டுகளில் அவர் விடாமல் மோதியது பொட்டுக்கட்டு வழக்கத்தோடு. சிறுமியின் கழுத்தில் தாலி கட்டி, இவள் சாமிக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று கோயிலுக்கு நேர்ந்துவிடுவது அது. கடவுளுக்குக் கொடுத்த வாக்கில் சட்டசபை எப்படிக் கைவைக்கலாம் என்று வைதிகத் தரப்பு கேட்டது. எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அல்ல. ஆனால் அதற்குமுன் கேட்க வேண்டியது, வாக்கைக் கொடுத்தது யார் என்பது. மனிதனுக்கு வாழ்க்கைப்படேன் என்று ஆண்டாள் தானே சொன்னாள். பொட்டுக்கட்டில் பேசுவது தாயோ பாட்டியோ. குழந்தை கழுத்தை மட்டும் நீட்டுகிறது. பிள்ளைக்கு மொட்டை போடுவதாகப் பெற்றவர்கள் வேண்டிக்கொள்வதில்லையா என்று கேட்கலாம். முடி மறுபடி வளரும். ஒருவர் தன்னிடம் இல்லாததைக் காணிக்கையாக வைக்க முடியாது. மகளின் ஆயுள் தாயின் உடைமை அல்ல.

இது தொன்றுதொட்டு வந்த தர்மம், அரசு தொடக்கூடாது என்பது அடுத்த வாதம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிப்பெண்களை, அழைத்துவந்து குடியமர்த்தினான். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, அதில் இருப்பவள் பெயர் என்ன என்று வரிசையாக வெட்டிவைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். இறந்துபோனால் யார் அந்த இடத்துக்கு வருவது என்பதற்கும் விதி உண்டு. அரசன் ஆணையால் அமைந்த ஏற்பாட்டை ஆட்சிமன்றம் ஆணையால் மாற்றினால் அதை மட்டும் அபசாரம் என்பது எப்படி? முத்துலட்சுமிக்கு இந்த முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. 1929இல் அவர் கொண்டுவந்த அறநிலையச் சட்டத் திருத்தம் பக்தியைப் பற்றிப் பேசவே இல்லை. கோயில் ஊழியம் செய்தால்தான் மானிய நிலம் என்ற நிபந்தனையை அவிழ்த்து, நிலத்தை அந்தப் பெண்களிடமே விட்டது. பக்தி மட்டுமே காரணமென்றால், நிலம் கைக்கு வந்த பிறகும் வழக்கம் குலைய வேண்டியதில்லையே.

கனமான மறுப்பு, அப்படி நேர்ந்துவிடப்பட்ட தேவதாசிகளிடமிருந்தே வந்தது. நாங்கள் கல்வியும் கலையும் உடையவர்கள், எங்கள் எல்லோரையும் ஒரே இழிசொல்லில் அடைக்காதீர்கள் என்று பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர் எதிர்த்தார்கள். தாயார் சந்திரம்மாள் வழியில் அந்தக் குலத்தோடு உறவுடைய முத்துலட்சுமி, அவர்களுக்கு இன்னும் காது கொடுத்திருக்கலாம். என்றாலும் அவர்கள் நிலைநாட்டியது வளர்ந்த பெண்களின் மரியாதையை. குழந்தையை நேர்ந்துவிடும் உரிமையை அல்ல. இந்த வேறுபாட்டைத்தான் பிறகு வந்த சட்டம் தவறவிட்டது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1947இல் நிறைவேறிய சட்டம் பொட்டுக்கட்டைத் தடுத்ததோடு நிற்கவில்லை. கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் பெண் ஆடுவதையே குற்றமாக்கியது. கும்ப ஆரத்தி என்ற சடங்கோடு ஆடினாலும் அது இல்லாமல் ஆடினாலும் குற்றம்தான். குழந்தைக்காக இன்னொருவர் வாக்குக் கொடுக்க முடியாது என்பது நியாயமென்றால், விவரம் தெரிந்த ஒருத்தி தன் விருப்பத்தில் சாமி முன்னால் ஆடுவதை அதே நியாயம் காப்பாற்றியிருக்க வேண்டும். அன்றைய சட்டப்படி, ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சன்னதியில் ஆண்டாளே ஆட நினைத்திருந்தாலும் வழக்குதான்.