கணினிக்குள் திருச்சபைகள்

மெக்கின்டாஷ் கத்தோலிக்கம், டாஸ் புராட்டஸ்டன்ட். 1994இல் இத்தாலிய வார இதழ் ஒன்றில் எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ இப்படி எழுதினார்.

பொருத்தமான ஒப்புமைதான். 1984இல் வந்த மெக்கின்டாஷ் கணினி, சின்னப் படங்களாலும் சுட்டியாலும் பயனரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றது. சொன்ன வழியில் நடந்தால் எவரும் கரையேறலாம். டாஸ் இயக்குதளத்திலோ கறுப்புத் திரையில் மினுக்கும் குறி மட்டும். கட்டளையை அறிந்து, பொருள் உணர்ந்து, பயனரே தட்டச்ச வேண்டும். தவறினால் பொறுப்பும் அவருடையதே.

ஆனால் புராட்டஸ்டன்ட் நெறியின் உயிர்நாடி, வேதத்தை ஒவ்வொருவரும் தாமே வாசிப்பது. டாஸின் மூலநிரல் அன்று பொதுமக்களுக்கு மூடியே கிடந்தது. அந்த வாசிப்புரிமையை உண்மையில் தந்தது, லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் என்னும் இயக்குதளக் கரு. 1992 முதல் குனூ பொது உரிமத்தின்கீழ் அதை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம்.