கதவு திறக்கும் வேளை

அந்தமானிலுள்ள கராச்சர்மாவில் நிகழ்ந்த சத்சங்கம் ஒன்றில், கப்பல் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் கேட்டார்: ‘சுவாமி, இருபது ஆண்டுகளாக ஜபம் செய்து வருகிறேன். மனம் சிறிதும் உயர்ந்ததாகத் தெரியவில்லை. விட்டுவிடலாமா?’

அவர் பனாமா கால்வாயைக் கடந்தவர். எனவே விடையை அங்கேயே தேடினோம்.

1914-இல் திறக்கப்பட்ட அக்கால்வாயில், அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் கப்பல் மூன்று படிகளில் சுமார் 26 மீட்டர் உயர்ந்து கட்டூன் ஏரியை அடைகிறது. ஒவ்வொரு படியும் இருபுறமும் கதவுகள் கொண்ட பெருந்தொட்டி. அதனை ‘லாக்’ என்பர். கப்பல் நுழைந்ததும் பின்கதவு மூடப்படுகிறது. ஏரி நீர் தானாகவே இறங்கிவந்து தொட்டியை நிரப்புகிறது, பம்புகள் இல்லை. கப்பலை உயர்த்துவது அதன் இயந்திரம் அன்று, இறங்கிவரும் நீரே. இருபுறமும் நீர்மட்டம் சமமாகும்வரை முன்கதவு திறவாது; நீரின் அழுத்தமே அதனை இறுக்கிப் பிடித்திருக்கும்.

சாதகனின் கடமையும் அத்தகையதே: உள்ளே வந்து நிற்றல், பழைய நாட்டங்களின் கதவை அடைத்தல். பின்கதவு திறந்திருப்பின், எவ்வளவு அருள் பொழிந்தாலும் வழிந்தோடிவிடும்.

தொட்டியினுள் உயரும்போது தளத்தில் நிற்பவருக்கு அசைவே தெரிவதில்லை. பக்கச்சுவர் தாழ்வதைக் கண்டுதான் தம் உயர்வை அறிகிறார். ஆகவே அன்பரிடம் கேட்டோம்: ‘ஐயா, இருபது ஆண்டுகளுக்கு முன்பு உங்களைச் சினமூட்டியவை, இன்றும் அதே உயரத்தில் நிற்கின்றனவா?’

நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர், ‘இல்லை, தாழ்ந்துவிட்டன’ என்றார்.

அவ்வாறாயின் நீர் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. முன்கதவு திறக்கும்வரை அங்கேயே நிலைத்து நிற்போமாக.