சிமிட்டிப் பொற்காலம்

பாலைநிலத்து நெடுஞ்சாலை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேனியன் எனும் பெரும் பள்ளத்தாக்கைக் காண விரையும் வண்டிகள். அவற்றுள் ஒன்று மட்டும் சாலையோரம் ஒதுங்கி நிற்கிறது. இறங்குகிறார் ஐம்பதைக் கடந்த ஒருவர், பேரனைக் கையில் பிடித்தபடி. எதிரே வெயிலில் வெளுத்த சிமிட்டி வீடுகள். நடுவே, நீண்ட வாலையே சறுக்குமரமாக நீட்டி நிற்கும் டைனோசர்.

"உன் வயதில் நான் இந்த வாலில் சறுக்கினேனடா!" என்கிறார். சிறுவன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுத்து ஒரு நொடி பார்க்கிறான், மீண்டும் கைப்பேசி. பெரியவர் பெருமூச்சு விடுகிறார். "அதெல்லாம் ஒரு காலம்!"

2018-இல் ஒரு நாள் நடந்ததாக நாம் தீட்டிப் பார்க்கும் காட்சி இது. ஆட்கள் கற்பனை; இடம் கற்பனையன்று. 1960 முதல் 1966 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 166 பகுதிகளாக ஓடிய 'பிளின்ட்ஸ்டோன்ஸ்' என்ற கார்ட்டூன் கதையை வைத்துச் சாலையோரங்களில் எழும்பின 'பெட்ராக் சிட்டி' எனும் விளையாட்டுப் பூங்காக்கள். தெற்கு டகோட்டாவின் கஸ்டர் நகரில் 1966-இல் ஒன்று. அரிசோனாவில் 1972-இல் மற்றொன்று. முன்னது 2015-இல் மூடப்பட்டது. பின்னது 2019-இல் கைமாறி, கழுகும் பருந்தும் காட்டும் இடமாயிற்று.

பெருமூச்சும் கற்பனையன்று. அந்நாட்டில் இலட்சக்கணக்கானோர் நெஞ்சில் அது உண்டு. அதைத்தான் இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டோம்.

"இதிலென்ன ஆராய்ச்சி? பழமைக்கு ஏங்குவது பிற்போக்கு! முடிந்தது கதை!" என்று இளந்தோழர் ஒருவர் துள்ளி எழுவார். 'அந்தக் காலம் போல வருமா' என்ற பல்லவியைத் திண்ணைதோறும் கேட்டுச் சலித்தவரல்லவா, துள்ளத்தான் செய்வார். ஆயினும் தோழரே, சற்றுப் பொறுமை! தீர்ப்புக்கு முன் வழக்கைக் கேட்பதுதான் பகுத்தறிவு.

அந்த மனிதர் எதை எண்ணி ஏங்குகிறார்? சிமிட்டியை எண்ணியா? அல்ல. ஆண்டு முழுதும் ஆலையிலோ அலுவலகத்திலோ முடங்கிக் கிடந்த தந்தை, அந்த ஒரு நாள் வண்டியை நிறுத்தினார். கடிகாரம் பார்க்கவில்லை, கடிந்து கொள்ளவில்லை. வாலின் அடியில் நின்று இரு கைகளையும் விரித்தார், மகன் சறுக்கி வந்து அந்தக் கைகளுக்குள் விழுந்தான். அந்தத் தந்தை இன்று இல்லை. அந்தக் கைகள் இருந்த இடத்தை அடையாளங்காட்ட மிஞ்சியிருப்பது இந்த விரிசல் விழுந்த வால் ஒன்றுதான். இதை நினைத்து ஒருவர் கண் கலங்கினால், அவரைப் பிற்போக்காளர் என்று சாடுவதற்கு நமக்கு நா எழவில்லை. எழவும் கூடாது. அன்பைக் கேலி செய்வதற்குப் பகுத்தறிவு என்று பெயரில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்வோம். 1955-இல் கலிபோர்னியாவில் எழுந்த டிஸ்னிலாந்து போன்ற பெருமுதலாளியின் மாயபுரிக்கு எதிரே, இச்சாலையோரப் பூங்காக்கள் ஏழைச் சிற்றப்பன் வீடு போன்றவை. வண்ணம் கொஞ்சம் வழிந்திருக்கும், மூக்கு கொஞ்சம் கோணியிருக்கும். ஆனால் ஒரு கை செய்தது என்பது தெரியும். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடெங்கும் விரிந்த அகன்ற விரைவுச் சாலைகள் ஊர்களை ஒதுக்கிக்கொண்டு ஓடின. நிற்பதற்கென்றே புறப்பட்ட பயணம் போய், சேர்வதற்காக மட்டுமே பறக்கும் பயணம் வந்தது. நிற்காத சாலையில் நிறுத்தக் கடை எப்படிப் பிழைக்கும்?

டைனோசரின் முதுகில் மனிதன் ஏறி வேலை வாங்குவதாகக் காட்டுகிறதே அக்கதை, அதை நாம் எதிர்க்க வேண்டாவா என்று கேட்பவரும் உண்டு. டைனோசர் இனம் மாண்டு 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகள். நம் மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள். இரண்டும் சந்தித்ததே இல்லை. ஆனால் வாலில் சறுக்கிய சிறுவன் எவனும் அதை வேதம் என்று ஓதவில்லை. நகைச்சுவை தன்னை நகைச்சுவை என்று ஒப்புக்கொள்ளும் வரை அதனால் அறிவுக்குக் கேடில்லை.

கேடு இருக்கும் இடம் வேறு. அந்தக் கற்காலத்தில் ஆண் கல்லுடைக்கும் வேலைக்குப் போகிறான். பெண் அடுக்களையில் நிற்கிறாள். 1960-ஆம் ஆண்டு அமெரிக்கப் புறநகர்க் குடும்பத்தை அப்படியே கல்லில் செதுக்கி, 'ஆதிமுதல் இதுதானப்பா ஒழுங்கு' என்று சொல்லாமல் சொல்கிறது சித்திரம்! அத்தொடருக்குத் தொடக்க ஆண்டுகளில் பொருள் தந்த நிறுவனங்களுள் ஒன்று வின்ஸ்டன் சிகரெட். மனைவியர் இருவரும் வியர்வை சிந்தி வீட்டு வேலை செய்ய, அதைக் காணப் பொறாத கணவர் இருவரும் — உதவிக்கு ஓடவில்லை! — வீட்டின் பின்புறம் ஒதுங்கிப் புகை விடுகிறார்கள். இது விளம்பரம். குழந்தைகள் நேசித்த அதே பாத்திரங்கள் நடித்த விளம்பரம். 1964-இல் அந்நாட்டு அரசின் தலைமை மருத்துவரே புகையிலையின் நஞ்சை அறிக்கையாக வெளியிட்டார். இன்று ஏங்குவோரின் நினைவில் டைனோசர் இருக்கிறது, புகை இல்லை. நினைவு தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும் கள்ளி!

ஆகவே நாம் ஒரு கோடு கிழிக்கிறோம். 'நான் மகிழ்ந்தேன்' என்பது ஒரு வாக்கு. அதற்கு அவர் நெஞ்சமே சாட்சி; மறுக்க நாம் யார்? 'காலம் நன்றாயிருந்தது' என்பது வேறு வாக்கு. அதற்கு அவர் ஒருவர் சாட்சி போதாது. அந்தக் காலத்தில் வாழ்ந்த மற்றவரையும் கூண்டிலேற்ற வேண்டும்.

ஏற்றுவோம். 1963 ஏப்ரல். பர்மிங்காம் சிறை. மார்ட்டின் லூதர் கிங் ஒரு மடல் வரைகிறார். 'இன்னும் சிறிது பொறுங்கள்' என்று உபதேசித்த சமயத் தலைவர்களுக்கு மறுமொழி அது. சட்டம், நீதி, விடுதலை என்று பேரலையாக எழும் அந்த மடலில் ஓரிடத்தில் ஒரு சிறுமி வருகிறாள். ஆறு வயது, அவருடைய மகள். அட்லாண்டா நகரத்து 'ஃபன்டவுன்' எனும் விளையாட்டுப் பூங்காவைப் பற்றித் தொலைக்காட்சியில் விளம்பரம் பார்த்தவள், என்னை ஏன் அங்கே அழைத்துப் போகவில்லை என்று கேட்கிறாள். கறுப்பினக் குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை. உலகையே தன் நாவன்மையால் உலுக்கிய அந்தத் தந்தைக்கு, அவளிடம் விளக்கம் சொல்ல நா தடுமாறுகிறது. குழந்தையின் கண்ணில் நீர் தளும்புகிறது.

அதே காலம்! அதே தொலைக்காட்சி! அதே போன்ற பூங்கா! ஒரு தந்தை கைகளை விரித்து நிற்கிறார். மற்றொரு தந்தை சொல்லற்று நிற்கிறார். சாலையும் எல்லார்க்கும் ஒரே சாலையாக இருக்கவில்லை. எந்த ஊரில் உணவு கிடைக்கும், எந்த விடுதியில் கதவு திறக்கும் என்று கறுப்பினப் பயணிகளுக்குச் சொல்ல, 1936 முதல் 1960-களின் நடு வரை 'பசுமை ஏடு' என்றொரு வழிகாட்டி வெளிவர வேண்டியிருந்தது. 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம்தான் இத்தகைய இடங்களின் கதவை எல்லார்க்கும் திறக்கச் சொன்னது.

இனி ஆர்க்கன்சாஸ் மாநிலத்துக்கு வாருங்கள். ஓசார்க் மலைப் பகுதியில் 1968-இல் திறக்கப்பட்டது 'டாக்பேட்ச்' பூங்கா. ஆல் காப் என்பவர் 1934 முதல் 1977 வரை செய்தித்தாள்களில் வரைந்த 'லில் அப்னர்' எனும் படக்கதையே அதன் கரு. மலைவாழ் ஏழை மக்கள் சோம்பேறிகள், எழுத்தறியாத அப்பாவிகள், கந்தல் உடுத்தியவர்கள் என்று நாடே சிரிக்க வைத்த கதை. கதையில் அரசியல்வாதிகளையும் பணக்காரர்களையும் காப் சாடியதுண்டு; மறுக்கவில்லை. ஆனால் பூங்காவில் காட்சிக்கு நின்றது எது? பணக்காரனின் பேராசையா? ஏழையின் கந்தல்!

அம்மலைகளில் உண்மையான குடும்பங்கள் உண்மையாகவே வாழ்ந்த பழைய மரக்குடில்களைப் பிரித்தெடுத்து வந்து, பூங்காவில் மீண்டும் பூட்டி நிறுத்தினார்கள். வறுமை வாழ்ந்த வீடு, வேடிக்கை காட்டும் மேடையாயிற்று. அப்பகுதி மக்களே படக்கதை வேடம் கட்டி வருவோரை மகிழ்வித்தனர். 'வேலை கிடைத்ததே!' என்பீர். கிடைத்தது. அதைச் சிறுமைப்படுத்த மாட்டோம். ஆனால் தன்னைத் தானே கேலி செய்தால்தான் கூலி என்ற நிலையில், சிரித்தது முகமா, வயிறா?

இப்பூங்காவுக்கு 1969-இல் தலைமை ஏற்க அமர்த்தப்பட்டவர் யார் தெரியுமா? ஓர்வல் ஃபாபஸ்! 1955 முதல் 1967 வரை அம்மாநில கவர்னராக இருந்தவர். 1957-இல் லிட்டில் ராக் நகரத்து மத்திய உயர்நிலைப் பள்ளியில் கால் வைக்க வந்த ஒன்பது கறுப்பின மாணவர்களைத் தடுக்க மாநிலப் படையை நிறுத்திய அதே பெருமகன். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களை அனுப்பித்தான் அந்தப் பிள்ளைகள் வகுப்புக்குள் நுழைய முடிந்தது. மறு ஆண்டே நகரின் உயர்நிலைப் பள்ளிகளை ஓராண்டு முழுதும் மூடி வைத்தார் கவர்னர். பள்ளிக்குப் பூட்டு, பிறகு பூங்காவுக்குச் சாவி! இந்த மனிதரையும் நினைவிலிருந்து கழுவிவிட்டுத்தான் 'அந்த இனிய நாட்கள்' என்று எழுதுகிறார்கள்.

அப்படியானால் டாக்பேட்சில் குதூகலித்த குழந்தை குற்றவாளியா? இல்லை. மரக்குடிலின் படியில் அமர்ந்து இனிப்புத் தின்ற ஏழு வயதுப் பிள்ளைக்கு ஃபாபஸைத் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இப்போது அறுபது வயது. எழுத்தறியும், வரலாறு அறியும், வாக்குச் சீட்டும் உண்டு. ஏழு வயதின் அறியாமை அழகு. அறுபது வயதில் அதையே விரும்பிப் போர்த்திக்கொண்டு, 'அன்று நாட்டில் சண்டை சச்சரவே இல்லை' என்று பேரனிடம் சொன்னால், அது ஏக்கமன்று. பொய்ச்சாட்சி. வாலில் சறுக்கியதைச் சொல்லட்டும், தந்தையின் கைகளைச் சொல்லட்டும். வாயிலுக்கு வெளியே நின்ற சிறுமியையும் சேர்த்துச் சொல்லட்டும். பேரன் கைப்பேசியை வைத்துவிட்டுக் கேட்பான் என்பது நம் எண்ணம். பிள்ளைகள் உண்மைக் கதையை மோப்பம் பிடிப்பவர்கள்.

டாக்பேட்ச் 1993-இல் மூடப்பட்டது. கொடி படர்ந்தது, கூரை சரிந்தது. இடிபாட்டுக்கு இரங்கிப் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். 2020-இல் நிலம் ஒரு பெருவணிகர் கைக்குப் போயிற்று.

இரங்கியவர் பலரும் கவனியாது விட்ட செய்தி ஒன்று உண்டு. பூங்கா அமைந்த ஊரின் பெயர் மார்பிள் ஃபால்ஸ். வாஷிங்டன் நினைவுத் தூணுக்குப் பளிங்குக் கல் அனுப்பிய ஊர். பூங்கா வந்ததும் அஞ்சல் நிலையத்தின் பெயரையே டாக்பேட்ச் என்று மாற்றினார்கள். கேலிக்கதையின் முத்திரை குத்தப்பட்டுத்தான் அம்மக்களின் கடிதங்கள் ஊர்விட்டு ஊர் போயின. திருமணச் செய்தியும் அப்படியே, சாவுச் செய்தியும் அப்படியே. பூங்கா மூடி நான்காண்டு கழித்து, 1997-இல், பழைய பெயர் திரும்பி வந்தது.